பொன் இல்லாமல் இருக்கலாம், பனி இல்லாமல் ஆகாது

(நூலக விழா ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காபூல் நகரத்தின் பருவகாலங்கள். காபூல் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? துப்பாக்கி, குண்டு, ஓடும் விமானத்தின் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிய மனிதர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள்கள் நமக்கு அந்த ஊரை அப்படித்தான் அறிமுகம் செய்து வைத்திருக்கின்றன. ஆனால் குண்டு வெடித்த ஆண்டுகளிலும் அங்கே முசுக்கட்டை பழுத்தது. ஆட்சி கவிழ்ந்த ஆண்டுகளிலும் பனி விழுந்தது. கூரையில் ஏறி மனிதர்கள் அதை வாரித் தள்ளினார்கள். அந்தக் காபூலைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழமொழி உண்டு. காபூல் பொன் இல்லாமல் இருந்தாலும் இருக்கலாம், பனி இல்லாமல் இருக்கக் கூடாது என்பார்கள். குளிரில் விறைத்துப்போகும் ஏழைகூட இதைச் சொல்வான். விறகு வாங்கக் காசில்லாதவனும் சொல்வான். ஏன் சொல்கிறான்? தன்னை நடுங்க வைக்கும் பனியை ஒருவன் பொன்னைவிட மேலாக ஏன் வைக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் காபூலின் வருடம் முழுவதும் நமக்குப் புரிந்துவிடும்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,790 மீட்டர் உயரத்தில், இந்துகுஷ் மலைத்தொடரின் மடியில் இருக்கும் பள்ளத்தாக்கு அது. நகரத்துக்கு நடுவிலேயே ஆஸ்மாயி, ஷேர் தர்வாஸா என்று மொட்டைக் குன்றுகள் எழுந்து நிற்கும். மேற்கே பக்மான் மலை. அதன் சிகரங்கள் 4,000 மீட்டரைத் தாண்டியவை. கடலோ எந்தத் திசையிலும் பக்கத்தில் இல்லை.

ஒரு வருடத்தில் அங்கே பெய்யும் மழை, பனி எல்லாவற்றையும் உருக்கி அளந்தால் சராசரியாக 310 மில்லிமீட்டர் தேறும். சென்னையில் ஒரே புயலில் அவ்வளவு கொட்டியதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த 310 மில்லிமீட்டர் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஜனவரியில் 34, பிப்ரவரியில் 60, மார்ச்சில் 68, ஏப்ரலில் 72. இந்த நான்கு மாதங்களிலேயே முக்கால் பங்கு முடிந்துவிடுகிறது. மே மாதம் 23. அப்புறம்? ஜூனில் 1 மில்லிமீட்டர், ஜூலையில் 6, ஆகஸ்டில் 2, செப்டம்பரில் 2, அக்டோபரில் 4. ஐந்து மாதங்கள் சேர்ந்து 15 மில்லிமீட்டர்! இவை 1956 முதல் 1983 வரை அளந்து எடுத்த சராசரிக் கணக்குகள். போர் வந்து வானிலை நிலையங்களைக் குலைப்பதற்கு முன்னால் அளந்தவை.

நம் தென்மேற்குப் பருவமழை அங்கே போவதில்லையா? போகப் பார்க்கிறது. ஆடியிலும் ஆவணியிலும் வடஇந்தியாவையெல்லாம் நனைத்துவிட்டு அந்தக் காற்று ஆப்கானிஸ்தானின் கிழக்கு ஓரம் வரை எட்டிப் பார்க்கிறது. கோஸ்த், பக்தியா பக்கத்து மலைகளில் கொஞ்சம் மழை பெய்கிறது. அதற்குமேல் நடக்க அதனிடம் ஈரமில்லை. காபூலுக்கு நீர் கொண்டுவருவது வேறு காற்று. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் கிளம்பி, ஈரானைக் கடந்து, கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சுழல்கள். அவை இந்துகுஷ்ஷில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, பனியாக இறங்குகின்றன.

இப்போது சங்கடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீரில் பெரும் பகுதி வருவது குளிர்காலத்தில். அப்போது எந்தப் பயிருக்கும் தண்ணீர் வேண்டாம். நிலமே உறைந்து கிடக்கிறது. தண்ணீர் வேண்டியிருப்பது கோடையில். அப்போது வானம் வெறும் நீலம். இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் தண்ணீரை யாராவது பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டுமல்லவா? நம் முன்னோர்கள் அதற்காக ஏரி வெட்டினார்கள். காபூலுக்கு ஏரி எது? அந்தப் பனிமலைதான் ஏரி! கரை கட்டாத ஏரி, மதகு வைக்காத ஏரி. டிசம்பரிலிருந்து மார்ச் வரை நிரம்பும். ஏப்ரலில் வெயில் ஏறினால் மேலிருந்து கசியத் தொடங்கும். மே மாதம் காபூல் ஆறு கரை தொட்டு ஓடும். ஆகஸ்டில் பாருங்கள், அதே ஆற்றின் நடுவில் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அங்கே குளிர்காலம் என்பது வேலை ஓய்ந்த காலம் அல்ல. வருடம் முழுமைக்குமான வரவில் பெரும் பகுதி அப்போதுதான் வருகிறது. மற்ற பருவங்கள் பெரும்பாலும் செலவு.

அந்தக் குளிர்காலத்துக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

டிசம்பர் 21-ஆம் நாள் இரவு வருடத்தின் மிக நீண்ட இரவு. அதை யல்தா இரவு என்று மாதுளையும் தர்பூசணியும் வைத்து விழித்திருந்து கொண்டாடுவார்கள். மறுநாளிலிருந்து ‘பெரிய சில்லா’ தொடங்கும். நாற்பது நாள். அதற்குப் பிறகு ‘சின்ன சில்லா’ இருபது நாள். நம் ஊரில் அக்கினி நட்சத்திரத்தை எண்ணுவதுபோல அவர்கள் இந்தக் கடுங்குளிர் நாள்களை எண்ணிக் கடப்பார்கள். ஜனவரியில் பகலும் இரவும் சேர்ந்த சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 2 பாகை. மோசமான இரவுகளில் சுழியத்துக்குக் கீழே 20-ஐயும் தாண்டிப் போனதுண்டு.

இந்தக் குளிரை ஒரு குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது? வீட்டின் நடுவில் ஒரு தாழ்ந்த மர மேசை. அதன் அடியில் கணப்புச் சட்டி. அதில் சாம்பல் மூடிய கரித்துண்டுகள். மேசையின் மேல் நான்கு பக்கமும் தரையில் புரளும்படி ஒரு பெரிய பஞ்சு மெத்தைப் போர்வை. இதற்குச் சந்தலி என்று பெயர். பாட்டி முதல் பேத்தி வரை சுற்றி உட்கார்ந்து, போர்வையை இடுப்பு வரை இழுத்து மூடி, கால்களை மேசைக்கு அடியில் நீட்டிக்கொள்வார்கள். முதுகுக்குத் திண்டு. மேசைமேல் தேநீர், உலர்ந்த திராட்சை, வறுத்த கடலை, வாதுமைக் கொட்டை. சாப்பாடு அங்கேதான், படிப்பு அங்கேதான், கதை அங்கேதான், பல வீடுகளில் தூக்கமும் அங்கேதான். ஒரு கைப்பிடிக் கரி ஒரு குடும்பத்தையே இரவு முழுக்கக் காக்கிறது. அறை முழுவதையும் சூடாக்க அவர்கள் முயல்வதில்லை. உட்கார்ந்திருக்கும் மனிதரைச் சூடாக வைத்தால் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். விறகு அரிதான மலைநாட்டின் அறிவு அது. ஆனால் கரிப்புகை நச்சு என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. கதவு சன்னலை இறுக அடைத்த வீடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

வசதியுள்ள பழைய வீடுகளில் இன்னொரு ஏற்பாடு இருந்தது. தரைக்கற்களின் அடியில் புகைப் பாதை அமைத்து, ஒரு முனையில் அடுப்பு எரித்து, மறுமுனையில் புகைபோக்கி வைத்துவிடுவார்கள். சூடான புகை தரைக்கடியில் ஓடும், தரையே வெதுவெதுப்பாகிவிடும்.

முதல் பனி விழும் நாளன்று காபூலில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு வீட்டார் ஒரு சீட்டு எழுதுவார்கள். பனி எங்களுடையது, விருந்து உங்களுடையது என்று அதில் இருக்கும். யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய், நண்பர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ எப்படியாவது அவர்கள் கையில் சேர்த்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். சேர்த்துவிட்டால் சீட்டைப் பெற்றவர் விருந்து வைக்க வேண்டும். கொண்டுவந்தவரைப் பிடித்துவிட்டால் அனுப்பியவர் விருந்து வைக்க வேண்டும். முதல் பனி விழுந்த காலையில் யார் கதவைத் தட்டினாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்! இது பிள்ளைகளுக்கு மட்டுமான விளையாட்டல்ல. தாடி நரைத்த பெரியவர்களும் ஆடினார்கள். வருடத்தின் முதல் வரவு வந்துவிட்டது. அதை விருந்து வைத்து வரவேற்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் அங்கே குளிரில்தான் விடுமுறை. ஆப்கானிஸ்தானில் கல்வி ஆண்டே இரண்டு வகை. ஜலாலாபாத், கந்தஹார் போன்ற வெப்ப மாவட்டங்களில் கோடையில் பள்ளி மூடுவார்கள். காபூல் போன்ற குளிர் மாவட்டங்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை ஏறத்தாழ மூன்று மாதம் மூடுவார்கள். அந்த மூன்று மாதமும் பட்டம்தான்! கண்ணாடித் தூள் தடவிய நூல், கூரைக்குக் கூரை போட்டி, அறுந்த பட்டத்தைத் துரத்திப் பனியில் வழுக்கி ஓடும் பிள்ளைகள். காற்று வறண்டது, வானம் தெளிந்தது, பள்ளிக்கூடமும் இல்லை. பட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெரியவர்களுக்குக் கூரைதான் கவலை. பழைய வீடுகளின் கூரை தட்டையானது. மரக்கட்டை பரப்பி, மேலே வைக்கோல் கலந்த மண் பூசியது. பனியை அப்படியே விட்டால் பாரத்தில் கட்டை ஒடியும், உருகினால் மண் ஊறி ஒழுகும். ஆகவே பனி நின்றதோ இல்லையோ, அகலமான மரத் தள்ளுவாரியோடு எல்லோரும் கூரையில் இருப்பார்கள். ஆளில்லாத வீடுகளுக்குக் கூலிக்காரர்கள் வருவார்கள். கூரையிலிருந்து தள்ளிய பனி தெருவில் ஆளுயரம் குவியும்.

இந்தக் குளிரின் மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆக மாட்டேன். 1842 ஜனவரி 6. காபூலைப் பிடித்து வைத்திருந்த ஆங்கிலேயப் படை தோற்று, ஜலாலாபாத்தை நோக்கிப் பின்வாங்கப் புறப்பட்டது. போர்வீரர்கள் சுமார் 4,500 பேர். அவர்களில் ஐரோப்பியர் 700 பேர்தான். மற்றவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், பெண்கள், குழந்தைகள் என்று சுமார் 12,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கங்கைச் சமவெளியின் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள். முதல் இரவே கூடாரமில்லை, விறகில்லை. பனியிலேயே படுத்தார்கள். காலையில் பலர் எழுந்திருக்கவில்லை. எழுந்தவர்களின் கை கால்கள் கருகியிருந்தன.

அதே இரவில், அதே பனியில், ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஆப்கானியத் துப்பாக்கி வீரர்கள் சிலர் வேறு விதமாகச் செய்தார்கள். அவர்களோடு இருந்த மெக்கன்ஸி என்ற படைத்தலைவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். முதலில் அவர்கள் ஓரிடத்தில் பனியை முழுக்க வாரி ஒதுக்கித் தரையைக் காட்டினார்கள். பிறகு எல்லோர் பாதங்களும் நடுவில் சேரும்படி வட்டமாக, இடைவெளி இல்லாமல் நெருக்கிப் படுத்துக்கொண்டார்கள். தங்களிடம் இருந்த கம்பளித் துணிகளையெல்லாம் பொதுவாக்கி எல்லோர் மேலும் போர்த்திக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் படுத்திருந்த மெக்கன்ஸி தனக்குக் குளிர் அவ்வளவாகத் தெரியவில்லை என்கிறார். நண்பர்களே, ஒரே வானம், ஒரே இரவு! ஒரு கூட்டத்துக்கு அந்தப் பருவம் பழக்கமானது. இன்னொரு கூட்டத்துக்கு அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. பேரரசு தன் கணக்கில் பீரங்கியை எழுதியது, ஒட்டகத்தை எழுதியது. அந்த 12,000 பேரின் பாதங்களை எழுதவில்லை. கணவாய்களில் துப்பாக்கிச் சூடு கொன்றதுபோலவே பனியும் கொன்றது. ஜனவரி 13-ஆம் நாள் டாக்டர் பிரைடன் என்ற ஒருவர் குதிரைமேல் துவண்டபடி ஜலாலாபாத் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். வரலாற்றுப் புத்தகங்கள் அவர் பெயரை வைத்திருக்கின்றன. பனியில் தங்கிவிட்ட நம் சிப்பாய்கள், சமையல்காரர்கள், தாய்மார்கள் பெயர்களை அவை வைத்திருக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர நினைத்த ஜலாலாபாத் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? ஆரஞ்சு மரங்கள் காய்க்கும் ஊர்! காபூலிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஆனால் 1,200 மீட்டர் கீழே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் ஆறரை பாகை வெப்பம் கூடும். அதனால் காபூலில் பனி மலையாகக் குவியும் மாதத்தில் அங்கே வெயிலில் உட்கார்ந்து பழம் உரிக்கலாம். ஆப்கானிய மன்னர்கள் குளிர்காலத்தில் அங்கே இறங்கிப் போய்விடுவார்கள். 1770-களில் தலைநகரைக் கந்தஹாரிலிருந்து காபூலுக்கு மாற்றிய தைமூர் ஷா, குளிர்காலத்துக்கென்று பெஷாவரை இரண்டாம் தலைநகராக வைத்திருந்தார்.

அருகருகே இரண்டு பருவங்கள் இருக்கும் இந்த அதிசயத்தை அழகாகச் சொன்னவர் பாபர். 1504-இல் காபூலைப் பிடித்த அதே பாபர். காபூலிலிருந்து ஒரு நாள் பயணத்தில் பனியே விழாத இடத்துக்குப் போகலாம், இரண்டு மணி நேரத்தில் பனியே உருகாத இடத்துக்கும் போகலாம் என்று தன் வரலாற்றில் எழுதினார். இன்றைய வானிலை அறிஞர் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

சரி, பனி உருகட்டும். வசந்தத்துக்கு வருவோம்.

மார்ச் 20 அல்லது 21. நவ்ரூஸ், அதாவது புத்தாண்டு. சூரியன் மேஷத்தில் நுழையும் நாள் என்பது அவர்கள் கணக்கு. நம் சித்திரைப் புத்தாண்டும் சூரியன் மேஷத்தில் நுழையும் நாள்தானே! அவர்களுடைய சூரிய நாள்காட்டியில் பன்னிரண்டு மாதங்களும் பன்னிரண்டு ராசிகளின் பெயரிலேயே இருக்கின்றன. அவர்கள் பகலும் இரவும் சமமாகும் நாளை வைத்து மேஷத்தைக் கணக்கிடுகிறார்கள், நாம் விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறோம். அதனால் இடையில் மூன்று வாரத்துக்கும் மேல் வித்தியாசம் வருகிறது. கணக்கின் வேர் ஒன்றுதான்.

நவ்ரூஸ் விருந்தில் ஏழு உலர்பழங்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். உலர்திராட்சை, பாதாம், அக்ரூட், பிஸ்தா, சர்க்கரை பாதாமி இப்படி. புத்தாண்டுக்கு ஏன் போன வருடத்துப் பழம்? மார்ச் மாதத்தில் காபூலில் எந்த மரத்திலும் பழம் கிடையாது, பூ மட்டும்தான். போன வருடம் சேர்த்தது தீரும் நேரமும், இந்த வருடத்து மொட்டு விரியும் நேரமும் ஒன்றாக வருகின்றன. இன்னொரு பக்கம் பெண்கள் கூடி, முளைகட்டிய கோதுமையை அரைத்துச் சாறெடுத்து, பெரிய அண்டாவில் இரவு முழுக்கக் கிளறி, பாட்டுப் பாடிக்கொண்டே சமனக் என்ற களி கிண்டுவார்கள். சர்க்கரை சேர்ப்பதில்லை. முளையின் இனிப்பே போதும்.

காபூலுக்கு வடக்கே இஸ்தாலிஃப் பக்கத்து மலைச்சரிவுகளில் ஏப்ரலில் அர்கவான் பூக்கும். இலை வருவதற்கு முன்னாலேயே கிளை முழுக்க ஊதா கலந்த சிவப்பு. பாபர் இந்தப் பூவில் மயங்கியவர். மலையிலிருந்து ரவாஷ் என்ற புளிப்புத் தண்டு கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வரும். உப்புத் தொட்டுக் கடிப்பார்கள். குளிர் முழுக்கப் பச்சைக் காய்கறி காணாத நாக்குக்கு அதுதான் முதல் புதுச்சுவை.

வசந்தத்தில்தான் பள்ளிகளும் திறக்கும். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 மார்ச் 23. நவ்ரூஸ் முடிந்து பள்ளி திறந்த நாள். 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதிலிருந்து ஏழு மாதம் காத்திருந்த மாணவிகள் சீருடை போட்டு, பை மாட்டி, உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த சில மணி நேரத்தில் ஆட்சியாளர்கள் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு ஊரின் வசந்தத்தில் பாதியை இப்படிப் பறித்துவிட முடியுமா? பறித்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் பகலில் 32 பாகை, இரவில் 15. காற்றில் ஈரமில்லாததால் சூரியன் மறைந்ததும் நிலத்தின் சூடு மேலே போய்விடும். வியர்வை ஒட்டாது. மாலையில் புழுதிக்காற்று எழும்பி ஊரையே மஞ்சளாக்கும். ஜூனில் முசுக்கட்டை, பிறகு சர்க்கரை பாதாமி, பிறகு முலாம்பழம். முலாம்பழம் என்றால் மறுபடியும் பாபர்தான். இந்தியாவை வென்று ஆக்ராவில் அமர்ந்த பிறகு, ஒருநாள் ஒரு முலாம்பழத்தை அறுத்துத் தின்றபோது ஊர் நினைவு வந்து கலங்கிவிட்டதாக 1529-இல் காபூல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே இறந்தார். சில ஆண்டுகள் கழித்து அவர் உடலைக் காபூலுக்கே கொண்டுபோய், அவர் அமைத்த தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இனி இலையுதிர்காலம். சேமிப்புக் காலம். இங்கே நான் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

காபூலுக்கு வடக்கே ஷமாலிச் சமவெளி. திராட்சை விளையும் பூமி. அங்குள்ள கிராமங்களில் திராட்சையைப் பனிக்காலம் தாண்டிப் பச்சையாகவே வைத்திருக்கிறார்கள். குளிர்பெட்டி கிடையாது, மின்சாரம் கிடையாது. மண்தான்! களிமண்ணில் வைக்கோல் கலந்து பிசைந்து, கையாலேயே தட்டி, அகலமான இரண்டு தட்டுகள் செய்கிறார்கள். வெயிலில் காய வைக்கிறார்கள். பருவத்தின் கடைசியில் பறித்த, தோல் தடித்த திராட்சையாகப் பார்த்து எடுக்கிறார்கள். ஒரு பழம்கூட நசுங்கியிருக்கக் கூடாது, வெடித்திருக்கக் கூடாது. ஒன்று அழுகினால் எல்லாம் போச்சு. ஒன்று, ஒன்றரைக் கிலோ பழத்தை ஒரு தட்டில் அடுக்கி, மற்றொரு தட்டைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி ஈர மண்ணால் பூசி அடைத்துவிடுகிறார்கள். வெயில் படாத குளிர்ந்த அறையில் அடுக்கி வைக்கிறார்கள். மண் சிறிதளவே மூச்சு விடும். உள்ளே பழம் மெல்ல மெல்லச் சுவாசிக்கும், ஈரமும் காக்கப்படும். மார்ச்சில் நவ்ரூஸ் சந்தையில் அந்த மண் உருண்டையை உடைத்தால், ஐந்து மாதத்துக்கு முன் பறித்த திராட்சை! இதற்குக் கங்கினா என்று பெயர். எந்தப் பல்கலைக்கழகமும் இதைச் சொல்லித்தரவில்லை. அந்த ஊரின் பருவம் சொல்லித்தந்தது. வறண்ட காற்று, குளிர்ந்த இரவு, களிமண் இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் இது நடக்கும்.

இறைச்சியும் அப்படித்தான். கொழுத்த ஆட்டை அறுத்து, உப்பிட்டுத் தொங்கவிட்டுக் காய வைத்து, குளிர் முழுக்கச் சமைப்பார்கள். இப்படிச் சேமிக்க முடியாதவர்கள், மேய்ச்சல்காரர்களும் வியாபாரிகளும், குளிர் வருவதற்கு முன் கணவாய்கள் வழியாகச் சமவெளிக்கு இறங்கினார்கள். உலர்பழமும் பெருங்காயமும் சுமந்து கல்கத்தா வரை வந்த காபூல்காரர்களைத் தாகூரின் கதை வழியாக நாம் அறிவோம். நம் சாம்பாரிலும் ரசத்திலும் மணக்கும் பெருங்காயம், குளிரில் பனியும் கோடையில் வறட்சியும் உள்ள அந்த மலைச்சரிவுகளின் செடி ஒன்றின் வேர்ப்பால்தான். இன்றும் அதில் பெரும் பகுதி ஆப்கானிஸ்தானிலிருந்துதான் வருகிறது.

நண்பர்களே, இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கை இருக்கிறது. பனி விழும். மலையில் தங்கும். மெல்ல உருகும். இந்த மூன்றில் ஒன்று தவறினால்?

தவறிக்கொண்டிருக்கிறது. 1950 முதல் 2010 வரை ஆப்கானிஸ்தானின் சராசரி வெப்பநிலை 1.8 பாகை கூடியிருக்கிறது. உலகச் சராசரியைவிட இது அதிகம். இந்த 1.8 பாகை பெரிதா என்று கேட்கலாம். பனியா மழையா என்பதை முடிவு செய்வது சுழியத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த ஓரிரு பாகைகள்தான். அதே 310 மில்லிமீட்டர் வானத்திலிருந்து வரட்டும். ஒரு சொட்டுகூடக் குறையாமல் வரட்டும். அது மலையில் மழையாக விழுந்தால் அன்றே ஓடிவிடும். சில நாள் வெள்ளம், பிறகு மாதக் கணக்கில் வறட்சி. பனியாக விழுந்தாலும் மார்ச்சிலேயே உருகிவிட்டால், ஆகஸ்டில் கொடுக்க மலையிடம் என்ன இருக்கும்? மழை அளவைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் தேதியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். காபூலுக்குத் தண்ணீரின் அளவு பாதி உயிர். அது வந்து சேரும் தேதி மீதி உயிர்.

உருகும் பனியில் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கித்தான் காபூலின் கிணறுகளை நிரப்பியது. 2001-இல் பத்து லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை இன்று அறுபது லட்சத்தைத் தொட்டிருக்கிறது. போரால் விரட்டப்பட்டவர்கள், வறட்சியால் துரத்தப்பட்டவர்கள் எல்லோரும் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து குன்றின் உச்சி வரை வீடு கட்டிக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஆழ்துளை போட்டார்கள். மெர்சி கோர் என்ற தொண்டு நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? பத்து ஆண்டுகளில் நிலத்தடி நீர்மட்டம் 30 மீட்டர் வரை கீழே போயிருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறையப் பாதி வறண்டுவிட்டன. இயற்கை திருப்பித் தருவதைவிட ஆண்டுக்கு 4 கோடியே 40 லட்சம் கனமீட்டர் கூடுதலாக எடுக்கிறார்கள். இப்படியே போனால் 2030-க்குள் நீரடுக்கு காலியாகிவிடக் கூடும் என்கிறது. குன்றின் மேலுள்ள வீடுகளுக்கு மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் ஏற்றித் தள்ளுவண்டி தள்ளுகிறார்கள் பிள்ளைகள். பட்டம் விட வேண்டிய பிள்ளைகள்!

குளிர்காலக் காற்றும் மாறிவிட்டது. விறகுக்கும் நல்ல கரிக்கும் வழியில்லாதவர்கள் மலிவான நிலக்கரி, டயர், பிளாஸ்டிக் என்று கிடைத்ததை எரிக்கிறார்கள். குளிர்ந்த இரவுகளில் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடும், வெதுவெதுப்பான காற்று மேலே நிற்கும். புகை ஏற வழியில்லாமல் நகரத்தின் மேலேயே படுத்துக்கொள்கிறது. அதை எரிக்கும் ஏழையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுழியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிரில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில், யார் எதைத்தான் எரிக்க மாட்டார்கள்?

என்ன செய்யலாம்? மலை பிடித்து வைக்காத நீரை மனிதர்கள் பிடித்து வைக்க வேண்டும். ஷகர்தரா மாவட்டத்தில் ஷா வ அரூஸ் அணை கட்டி முடிந்திருக்கிறது. அது போதாது. நகரத்துக்குத் தென்மேற்கே ஷாதூத் என்ற இடத்தில் அணை கட்டிக் காபூலின் இருபது லட்சம் பேருக்குக் குடிநீர் கொடுப்பதற்காக 2021 பிப்ரவரியில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. காபூல் ஆறு கிழக்கே ஓடி அட்டக்கில் சிந்து நதியோடு கலப்பதால் பாகிஸ்தானுக்கும் அதில் கவலை உண்டு. அந்தக் கவலையை உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். ஆட்சியாளர்கள்மீது நமக்கு ஆயிரம் மனத்தாங்கல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது, சற்று முன் சொன்னேன். ஆனால் குடிநீர் அந்த மக்களுக்கு. பள்ளிக்கூட வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பெண்பிள்ளைகளும் அந்த இருபது லட்சத்துக்குள் இருக்கிறார்கள். நம் நாடு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. அந்தக் கோப்பை மறுபடியும் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இந்த மேடையில் நின்று நான் அதைக் கேட்கிறேன்.